நெல் தண்டுக்குள் ஒரு வாழ்நாள்

ஆந்திரத்து மலைச்சரிவுகளில் தோன்றி, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தையும் ஊத்துக்கோட்டையையும் கடந்து, பெரியபாளையம் வழியாகப் பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் ஆரணியாற்றின் இரு கரைகளிலும் நெல் பயிராகும் காலமெல்லாம் ஓர் அந்துப்பூச்சியும் அங்கே குடியிருந்துவருகிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, சுற்றுவட்டாரத்தில் வயல்களின் பரப்புச் சுருங்கிய பின்னரும், எஞ்சியுள்ள ஏரிப்பாசன வயல்களையும் ஆழ்துளைக் கிணற்று வயல்களையும் அது விட்டு நீங்கவில்லை. விவசாயிகள் குருத்துப்பூச்சி என்றும், வேளாண் துறையினர் மஞ்சள் தண்டுத் துளைப்பான் என்றும் வழங்கும் இந்த இனத்தின் அறிவியற்பெயர் ஸ்கிர்போஃபாகா இன்செர்ட்யுலாஸ். 1863ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரான்சிஸ் வாக்கர் இதை முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளிவந்த ஆங்கில நூல்களைப் புரட்டுவோர், இதே பூச்சியை ஷோனோபியஸ் பைபங்க்டிஃபர் என்ற பழைய பெயரில் காண்பர்.

நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் பூச்சிகள் இந்தியாவில் பல உண்டு. அவற்றுள் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான் கரும்பிலும் கோதுமையிலும் கேழ்வரகிலும்கூட வாழக்கூடியது. நெல் இல்லாத பருவத்தை வேறொரு பயிரில் கழித்துவிடும். மஞ்சள் தண்டுத் துளைப்பானுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பயிரிடப்படும் நெல்லும் அதன் உறவான காட்டு நெல் இனங்களுமே அதற்கு உணவு. ஒரே தாவரப் பேரினத்தை நம்பி வாழும் இத்தகைய உயிரிகளை ஓருணவு உண்ணிகள் என்பர். ஆப்கானிஸ்தானிலிருந்து இலங்கை, தென்கிழக்கு ஆசியா, சீனா வரை இந்த இனம் பரவியிருப்பதற்குக் காரணம், அந்நிலப்பரப்பு முழுவதும் மனிதர்கள் நெல்லைப் பரப்பிவைத்திருப்பதே. பயிரின் வளர்ச்சிப் படிகள் ஒவ்வொன்றுக்கும் இப்பூச்சியின் உடலமைப்பிலோ நடத்தையிலோ ஓர் இணை இருப்பதைக் கவனித்தால், அதைப் பகையாக மட்டும் கருதும் பார்வை எவ்வளவு குறைபட்டது என்பது புலப்படும்.

வளர்ந்த பூச்சியில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு இனங்களோ என ஐயுறத்தக்க அளவுக்கு மாறுபட்டிருக்கின்றன. பெண் பூச்சி உருவில் பெரியது. வைக்கோலின் மஞ்சள் நிறம் கொண்ட அதன் முன்னிறகுகள் ஒவ்வொன்றின் நடுவிலும் தெளிவான ஒரு கரும்புள்ளி இருக்கும். வயிற்றின் முனையில் மஞ்சள் மயிர்க்கற்றை ஒன்று அடர்ந்திருக்கும். இதன் பயன் முட்டையிடும்போதே விளங்கும். ஆண் பூச்சி சிறியது, வெளிறிய பழுப்பு நிறமுடையது. அதன் இறகுகளில் மங்கலான சிறு புள்ளிகள் சிதறியிருக்கும். இருபாலிலும் உறிஞ்சுகுழல் மிகவும் குறுகிப் பயனற்றுப்போயிருப்பதால், கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பின் இவை உணவு உட்கொள்வதில்லை. புழுப்பருவத்தில் உடலில் சேமித்த கொழுப்பைக் கொண்டே சில நாட்கள் வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிகின்றன. பகலில் நெல் இலைகளின் மேல் அசையாமல் ஒட்டியிருக்கும் பூச்சி, பொழுது சாய்ந்த பின்னரே பறக்கத் தொடங்குகிறது. ஒளியை நோக்கிப் பறக்கும் இயல்பு அதற்கு மிக வலுவாக உண்டு. ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் பெருந்திரளாக வரும் பக்தர்களுக்காக ஊர் இரவெல்லாம் ஒளியூட்டப்பட்டிருக்கும் வாரங்கள், சுற்றியுள்ள வயல்களில் சொர்ணவாரிப் பயிர் முற்றும் வாரங்களாகவும் இருப்பதால், விளக்குகளைச் சுற்றும் விட்டில்களின் கூட்டத்தில் இந்த இனத்தையும் எதிர்பார்க்கலாம்.

இணைசேர்ந்த பெண், முன்னிரவில் நெல் இலையின் நுனிப்பகுதியைத் தேர்ந்து, 15 முதல் 80 வரையான முட்டைகளை ஒரே குவியலாக இடுகிறது. இட்டு முடித்ததும் தன் வயிற்று முனையிலுள்ள மயிர்களை உதிர்த்து அக்குவியலை முழுவதுமாகப் போர்த்திவிடுகிறது. வயலில் நடப்பவரின் கண்ணுக்கு அது இலையில் ஒட்டிய வெளிர்மஞ்சள் பஞ்சுத் துணுக்காகவே தெரியும். சில இரவுகளில் இவ்வாறு பல குவியல்களை இட்டு, ஒரு பெண் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை விட்டுச்செல்லும். முட்டைகள் 5 முதல் 8 நாட்களில் பொரிகின்றன.

பொரித்த புழுவின் முதல் சில மணி நேரங்களே அதன் வாழ்வின் மிக ஆபத்தான கட்டம். கருந்தலையும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய உடலும் கொண்ட அப்புழுக்கள் இலை நுனிக்கு ஏறி, நுண்ணிய பட்டிழையை விட்டுத் தொங்கி, காற்று வீசும் திசையில் அடுத்த தூருக்குப் பறந்து சேர்கின்றன. சில நீரில் விழுந்து மிதந்தும் இடம் பெயர்கின்றன. ஒரே தூரில் அனைத்தும் தங்கினால் உணவு போதாது என்பதால், இச்சிதறல் அவற்றுக்கு இன்றியமையாதது. ஆயினும் இப்பயணத்தில் சிலந்திகளுக்கும் பொறிவண்டுகளுக்கும் இரையாகியும், நீரில் மூழ்கியும், தண்டுக்குள் புக இடம் கிடைக்காமல் உலர்ந்தும் பெரும்பாலானவை அழிகின்றன. எஞ்சியவை இலையுறைக்கும் தண்டுக்கும் இடையில் நுழைந்து, உறையின் மென்திசுவை ஓரிரு நாட்கள் தின்று, பின் தண்டைத் துளைத்து உள்ளே செல்கின்றன. ஒரு தண்டில் பெரும்பாலும் ஒரே ஒரு புழுதான் வளரும்.

தண்டுக்குள் புகுந்தபின் வெளியுலகின் மழையும் வெயிலும் தெளிப்பு மருந்தும் அதனை எளிதில் எட்டுவதில்லை. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் அங்கேயே தின்று, தோலுரித்து, கணுக்களின் தடுப்புகளைத் துளைத்துக் கீழிறங்கி, 20 முதல் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள வெளிர்மஞ்சள் புழுவாக முதிர்கிறது. கூட்டுப்புழுவாக மாறுமுன் அது செய்யும் ஓர் ஏற்பாடு வியக்கத்தக்கது. வளர்ந்த பூச்சிக்குக் கடிக்கும் தாடைகள் கிடையா. தண்டின் சுவரை அதனால் உடைக்க இயலாது. ஆகவே புழுவே, தன் தாடைகள் இன்னும் இருக்கும்போது, தண்டின் சுவரில் ஒரு துளையைக் குடைந்து, மெல்லிய பட்டுத்திரையால் அதை மூடிவைத்து, அதன்பின் தண்டின் அடிப்பகுதியில் வெண்ணிறப் பட்டுக்கூட்டுக்குள் அடங்குகிறது. 6 முதல் 10 நாட்களுக்குப் பின் வெளிவரும் பூச்சி, முன்பு தானே செய்துவைத்த அந்த வாயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது.

புழு எந்தப் பருவத்தில் தண்டுக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்தே பயிரின் இழப்பு அமைகிறது. தூர் கட்டும் பருவத்தில் நுழைந்தால், வளரும் முனை அடியில் துண்டிக்கப்பட்டு நடுக்குருத்து பழுத்துக் காய்ந்துவிடும். சுற்றியுள்ள இலைகள் பச்சையாகவே நிற்க, காய்ந்த குருத்தை மட்டும் பிடித்திழுத்தால் எளிதில் கையோடு வந்துவிடும். எலி வெட்டிய தூரிலோ தண்டே சாய்வாக அறுபட்டிருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. கதிர் வெளிவரும் பருவத்தில் நுழைந்தால், கதிருக்குச் செல்லும் நீரும் உணவும் தடைபட்டு, மணி ஒன்றும் பிடிக்காமல் கதிர் முழுவதும் வெளுத்து விறைப்பாக நிமிர்ந்து நிற்கும், இதுவே வெண்கதிர். முதலாவது இழப்பைப் பயிர் ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். ஒரு தூர் போனால் பக்கத்தில் புதுத் தூர்கள் கிளைக்கும், எஞ்சிய கதிர்கள் சற்றுக் கூடுதலாக மணிபிடிக்கும். இரண்டாவதற்கு ஈடே கிடையாது. பொருளாதாரச் சேத நிலை எனப்படும் எல்லைக்கோடு, அதாவது அதற்கு மேல் போனால்தான் மருந்துச் செலவு நியாயமாகும் என்ற அளவு, குருத்துக் காய்தலுக்கு 10 விழுக்காடு என்றும் வெண்கதிருக்கு 2 விழுக்காடு என்றும் வகுக்கப்பட்டிருப்பதன் உட்பொருள் இதுவே.

இங்கு ஒரு நடைமுறைத் தவற்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். காய்ந்த குருத்து கண்ணில் படும்போதும் வெண்கதிர் தலைகாட்டும்போதும்தான் மருந்துக் கடைக்குச் செல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்த அடையாளங்கள் தோன்றும் வேளையில் புழு தண்டின் ஆழத்தில் இருக்கும். அப்போது தெளிக்கப்படும் மருந்துகளில் பல, இலைமேல் வாழும் சிலந்திகளையும் குளவிகளையும் கொன்று, கொல்லவேண்டியதைத் தொடாமல் போகின்றன. முட்டைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்கள்தாம் இப்பூச்சி திறந்தவெளியில் அகப்படும் காலம். ஒரு சதுர மீட்டரில் இரண்டு முட்டைக் குவியல்களைக் கண்டாலே செயல்படவேண்டும் என்ற மற்றோர் எல்லைக்கோடு அதனால்தான் வகுக்கப்பட்டது. அதைப் பின்பற்றுவதற்கு வயலுக்குள் இறங்கி இலை நுனிகளைப் பார்க்கும் கண் வேண்டும்; வரப்பில் நின்று பார்த்தால் போதாது.

ஆரணியாற்றுப் படுகையின் பருவ ஒழுங்கு இப்பூச்சியின் வாழ்வுக்கு மிகவும் இசைவானது. சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி, ஆடி, ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி, தையில் தொடங்கும் நவரை என மூன்று பட்டங்கள் இவ்வட்டாரத்தில் வழங்குகின்றன. ஏரியில் நீர் நிற்கும் காலத்தை நம்பிப் பயிர் செய்த நாட்களில், ஓர் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் வயல்கள் ஒருசேரக் காய்ந்து கிடந்தன. ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின், ஒரு வயல் அறுவடையாகும்போது பக்கத்து வயல் நாற்றங்காலாகவும் அதற்கடுத்தது தூர்கட்டும் பயிராகவும் இருப்பது இயல்பாகிவிட்டது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் படுகைகளில் நிலத்தடி நீர் மிகையாக எடுக்கப்பட்டு, மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்த வரலாறு பலரும் அறிந்தது. அதே நீரெடுப்பு நெல்லை மட்டுமே உண்ணும் ஒரு பூச்சிக்கு ஆண்டு முழுவதும் இடைவிடாத உணவை ஏற்படுத்தித் தந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறக்குறைய ஐம்பது நாட்களில் ஒரு தலைமுறை முடிவதால், ஒரு சம்பாப் பயிரிலேயே இரண்டு தலைமுறைகள் தோன்றிவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் இவற்றின் எண்ணிக்கை உச்சம் பெறுகிறது.

நெல் அறுத்த பின் நிற்கும் தாள்கட்டைகளில் புழுக்கள் உயிரோடு தங்குகின்றன. குளிர் மிகுந்த நாடுகளில் அவை அங்கே மாதக்கணக்கில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு கிடக்கும். இதற்கு வளர்ச்சி ஓய்வு என்று பெயர். அறுவடை முடிந்ததும் தாள்களை மடக்கி உழுது நீர் கட்டினால் அவை மூச்சடைத்து அழியும். நாற்றைப் பறித்து நடும்போது நுனியைக் கிள்ளி எறியும் பழக்கமும் இவ்வாறே பொருள் பொதிந்தது. முட்டைக் குவியல்கள் இலை நுனியிலேயே இருப்பதால், நாற்றங்காலிலிருந்து நடவு வயலுக்குச் செல்லவிருந்த ஒரு தலைமுறையின் பெரும்பகுதி அந்த ஒரு கிள்ளலில் நீங்கிவிடுகிறது. இயந்திர நடவு பரவும் வயல்களில் இந்த வாய்ப்புக் கைநழுவுகிறது.

முட்டைகளின் மேலுள்ள மயிர்ப்போர்வை பாதுகாப்பு என்றாலும் முழுப் பாதுகாப்பு அன்று. மூன்று வகைக் குளவிகள், ஒவ்வொன்றும் வேறொரு வழியில், அதைக் கடந்துவிடுகின்றன. டெட்ராஸ்டைக்கஸ் என்னும் குளவி நீண்ட முட்டையிடு உறுப்பை மயிர்களின் ஊடே செலுத்தித் தன் முட்டையை உள்ளே வைக்கிறது. பொரிக்கும் அதன் புழு ஒரு முட்டையோடு நில்லாமல் அடுத்தடுத்த முட்டைகளையும் தின்று தீர்க்கிறது. டெலினோமஸ் குளவிகளில் ஓர் இனமோ இன்னும் முந்திக்கொள்கிறது. பெண் அந்துப்பூச்சியின் வயிற்று மயிர்க்கற்றையில் பற்றிக்கொண்டு அதனுடனேயே பயணம் செய்து, முட்டைகள் போர்த்தப்படும் முன்னரே இறங்கி அவற்றைத் தாக்குகிறது. அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள ட்ரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் மூன்றாவது. ஆய்வகத்தில் பெருக்கி, முட்டை அட்டைகளாக வயலில் கட்டுவதற்கு ஏற்றது இதுவே. மயிர் அடர்ந்த குவியலின் அடியில் உள்ள முட்டைகளை இது எட்டாமல் விடுவதுண்டு என்பதால், ட்ரைக்கோகிரம்மாவை மட்டும் நம்புவதைவிட வயலில் தாமாகவே இருக்கும் மற்ற இரண்டையும் மருந்தால் கொல்லாமல் காப்பதே கூடுதல் பயன் தரும். இவற்றோடு, முட்டைக் குவியலைக் கடித்துத் தின்னும் நீளக்கொம்பு வெட்டுக்கிளிகளும், பறக்கும் பூச்சியைப் பிடிக்கும் தட்டான்களும் கரிச்சான் குருவிகளும் சேர்கின்றன.

பெண் பூச்சி ஆணை அழைப்பது மணத்தால். அந்த இனக்கவர்ச்சிப் பொருளில் பதினாறு கரியணுக்கள் கொண்ட இரு ஆல்டிஹைடுகள் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருப்பது 1985ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அவ்விகிதத்தில் செயற்கையாகக் கலந்த பொருளை ரப்பர்க் குப்பியில் ஏற்றி வயலில் தொங்கவிட்டால் ஆண் பூச்சிகள் பொறியில் வந்து விழும். விளக்குப்பொறியில் பெண்ணும் விழும். ஆனால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்தே விழும் என்பதால், அதை முன்னிரவு வேளையில் மட்டும் எரியவிடுவது நல்லது. பூச்சி எப்போது பறக்கத் தொடங்குகிறது என்று அறிவிக்கும் கருவிகளாகவே இவ்விரண்டையும் முதன்மையாகக் கொள்ளவேண்டும்.

இப்பூச்சியின் வரலாற்றில் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உலகளாவிய ஓர் இடம் உண்டு. பெரியபாளையத்துக்குத் தெற்கே, திருவள்ளூரை அடுத்த திரூரில் 1942ஆம் ஆண்டில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்களுள் ஒன்று. திரூர்க்குப்பம் என்ற ஊர்ப்பெயரைச் சுருக்கியே அங்கு உருவான இரகங்களுக்கு டி.கே.எம். என்று பெயர் வந்தது. கோயம்புத்தூரில் உருவான ஜி.இ.பி. 24, கோ 18 ஆகிய இரண்டையும் ஒட்டுச்சேர்த்து 1952இல் இந்நிலையம் வெளியிட்ட டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பான்களைத் தாங்கும் ஆற்றலுக்காகப் பின்னாளில் அறியப்பட்டது. 1960இல் பிலிப்பைன்சில் தொடங்கப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், உலகெங்கிலுமிருந்து திரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான நெல் வகைகளைத் துளைப்பான்களுக்கு எதிராகச் சோதித்தபோது, தேறிய மிகச் சிலவற்றுள் திரூரின் இந்த இரகமும் ஒன்றாக இருந்தது. அங்குப் பணியாற்றிய இந்தியப் பூச்சியியலாளர் எம்.டி. பாதக்கும் உடனுழைத்தோரும் அதன் எதிர்ப்புத்திறனின் காரணங்களை ஆராய்ந்தனர். தண்டுத் திசுவில் சிலிக்கா மிகுந்த இரகங்களைத் தின்னும் புழுக்களின் தாடைகள் தேய்ந்துவிடுவதை 1967இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. டி.கே.எம். 6இல் இதற்கும் மேலாக ஒரு வேதிப்பொருள் செயல்படுவது பின்னர் தெரியவந்தது. பென்டாடெகனால் எனப்படும் அப்பொருள், நெல்லைத் தாக்கும் மற்றோர் இனமான வரித்தண்டுத் துளைப்பான் முட்டையிடுவதையும், அதன் முட்டை பொரிப்பதையும், புழு வளர்வதையும் குறைக்கிறது.

1966இல் அந்தப் பன்னாட்டு நிறுவனத்திலிருந்து வெளிவந்து பெரும் விளைச்சலால் புகழ்பெற்ற ஐ.ஆர். 8 பூச்சிகளுக்கு எளிதில் இரையானதால், அடுத்து வந்த இரகங்களில் எதிர்ப்புத்திறனைச் சேர்ப்பது உடனடித் தேவையாயிற்று. டி.கே.எம். 6ஐ நேரடிப் பெற்றோராகக் கொண்டு 1969இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 20, தமிழ்நாட்டு வயல்களில் பல்லாண்டுகள் கோலோச்சியதைப் பெரியவர்கள் பலரும் நினைவில் வைத்திருப்பர். 1976இல் வெளிவந்து, 1980களில் உலகின் ஏறத்தாழ 1.1 கோடி எக்டேரில் பயிரான ஐ.ஆர். 36இன் மூதாதையர் வரிசையிலும் திரூரின் இரகம் உள்ளது. பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்கும் எக்ஸ்.ஏ. 4 என்னும் மரபணுவையும் அது வழங்கியது. அதனினும் வியப்பான ஒன்று உண்டு. டி.கே.எம். 6உம் தைவானின் ஒரு குட்டை இரகமும் புகையான் பூச்சிக்கு இலக்காகக்கூடியவை. அவ்விரண்டையும் சேர்த்துப் பெற்ற வழித்தோன்றல்களுள் ஒன்று புகையானை எதிர்த்து நின்றது. எதிர்ப்பு மரபணுவும் அதை அடக்கிவைக்கும் மற்றொரு மரபணுவும் டி.கே.எம். 6இல் ஒருங்கே இருந்ததும், ஒட்டுச்சேர்ப்பில் இரண்டும் பிரிந்ததுமே அதற்குக் காரணம் என்று மரபியலாளர்கள் விளக்கினர்.

ஆனால் டி.கே.எம். 6இன் ஆற்றல் வரித்தண்டுத் துளைப்பானிடம் வலுவாகவும் மஞ்சள் தண்டுத் துளைப்பானிடம் நடுத்தரமாகவுமே வெளிப்பட்டது. பயிரிடப்படும் நெல் வகைகளில், மஞ்சள் தண்டுத் துளைப்பானை முற்றாகத் தடுக்கும் ஒன்று இன்றளவும் கிட்டவில்லை. நெல்லோடு சேர்ந்தே தன் வாழ்க்கையை வடிவமைத்துக்கொண்ட ஓர் உயிரியிடம் நெல்லின் தற்காப்புகள் பலவும் பழகிப்போயிருப்பது எதிர்பாராதது அன்று. காட்டு நெல் இனங்கள் சிலவற்றில் கூடுதல் எதிர்ப்புத்திறன் காணப்படுவதால், அவற்றைப் பயிர்நெல்லுடன் கலக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன. இனங்களுக்கிடையிலான ஒட்டுச்சேர்ப்பில் விதை பிடிப்பதே அரிது என்பதாலும், எதிர்ப்புத்திறன் பல மரபணுக்களில் சிதறிக்கிடப்பதாலும், அப்பணி மெதுவாகவே நகர்கிறது. அதுவரை பெரியபாளையத்து வயல்களில் இப்பூச்சியைக் கட்டுக்குள் வைப்பவை, ஒரே காலத்தில் நடவை முடித்துக்கொள்ளும் ஊர் ஒற்றுமையும், தழைச்சத்தை அளவோடு இடும் கையும், தாளை மடக்கி உழும் ஏரும், இலை நுனியிலுள்ள மஞ்சள் துணுக்குகளைத் தேடிச்செல்லும் குளவிகளுமே.